தடுப்பு நீர்மம் எண்ணெய் அன்று!

ஓடுவதை ஓட்டுதற்கு வேண்டிய அறிவினும், ஓடுவதை நிறுத்துதற்கு வேண்டிய அறிவே பெரிது. மகிழுந்து வைத்திருப்போர் இதனை அறியாதவரல்லர். ஆயினும், பொறி சற்றே இருமினால் அன்றே கம்மியரைத் தேடி ஓடுகின்றவர், காலடியிலுள்ள மிதிகட்டை நாளுக்கு நாள் தாழ்ந்து போவதைத் திங்கள் கணக்கில் பொறுத்துக்கொள்கின்றார். 'இரண்டு முறை சேர்த்து மிதித்தால் நிற்கின்றதே' என்பது அவர் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் தேறுதல். ஓடாத வண்டி வீட்டில் கிடக்கும். நில்லாத வண்டியோ தெருவில் போவோர் வருவோர் உயிரையெல்லாம் தன்மேல் ஏற்றிக்கொண்டு போகும்!

நம் அன்பர் ஒருவர்க்கு நேர்ந்ததைக் கூறுவோம். அவர் தந்தையார் விட்டுச்சென்றது ஓர் அம்பாசிடர் வண்டி, 1970-களில் உருவானது. அதனை விற்க மனமின்றித் தாமே துடைத்தும் துலக்கியும் ஓட்டி வந்தார். ஒருநாள் தடுப்பானின் நீர்மக் கலத்தைத் திறந்து பார்த்தார், குறைந்திருந்தது. 'பிரேக் ஆயில் குறைந்தால் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள்' என்று எவரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. வீட்டில் பொறிக்கு ஊற்றும் எண்ணெய் அரை ஏனம் இருந்தது. ஊற்றினார். பத்து நாள் சென்றன. முதலில் சக்கரங்கள் விடுபடாமல் இழுத்துக்கொண்டன. கைவைக்க முடியாத சூடு. பின்னர் ஒரு மாலை, பாலத்துச் சரிவில், மிதிகட்டை தடையின்றித் தரைவரை இறங்கிற்று. கைத்தடுப்பானும் சாலையோரத்து மணற்குவியலும் அவரைக் காத்தன. 'ஆயில் என்றார்கள், ஆயிலைத்தானே ஊற்றினேன்?' என்று அவர் நம்மிடம் கேட்டார். அக்கேள்விக்கு விடையாகவே இதனை எழுதுகின்றோம்.

பெயர் பொய்த்தது, அதனால் செயல் பொய்த்தது. தடுப்பான் குழாய்களில் நிற்கும் நீர்மம் எண்ணெய் அன்று. அது கிளைக்கால் இனத்து வேதிமங்களால் ஆயது, நீருடன் கலப்பது, நீரை ஈர்த்துக்கொள்வது. எண்ணெயோ நீரோடு ஒட்டாதது. தடுப்பானின் உள்ளே நீர்மத்தை ஒழுகாமல் காப்பவை சிறுசிறு இரப்பர்க் கிண்ணங்கள். கிளைக்கால் நீர்மத்தில் அவை பல்லாண்டு கேடின்றி இருக்கும். கனிம எண்ணெய் பட்டாலோ, ஊறிப் பருத்து, மெலிந்து, வடிவு குலைந்து போகும். பருத்த கிண்ணம் முதலில் நீர்மம் திரும்பிவரும் சிறு துளையை அடைக்கும். ஆகவே சக்கரம் விடுபடாது. பின்னர் அதன் விளிம்பு தளரும். ஆகவே அழுத்தம் நில்லாது. அன்பர் வண்டியில் நேர்ந்தது ஈதே.

பிறமொழிச் சொல்லை இடித்துரைப்பதே நம் வழக்கம் என்பர் சிலர். இங்கு ஆங்கிலத்தின்மேல் பழி போடுதற்கு இடமில்லை! ஆங்கிலரும் அதனை நீர்மம் என்னும் பொருள்படவே குறிக்கின்றனர்; ஏனத்தின் மேலும் அவ்வாறே அச்சிட்டுள்ளது. அரைகுறையாகக் கேட்டு அதனை 'ஆயில்' ஆக்கியவர் நாமே. பொருள் விளங்காத ஒலியை வாயில் வைத்துக்கொண்டு வாழ்வோர்க்கு எது நீர்மம், எது எண்ணெய் என்னும் வேறுபாடு தோன்றுதற்கு வழியில்லை. தடுப்பு நீர்மம் என்று ஒருமுறை தமிழில் சொல்லியிருந்தால், எண்ணெய் ஏனத்தின்மேல் கை போயிராது.

ஐயம் தோன்றின் வீட்டிலேயே தேர்ந்து பார்க்கலாம். கண்ணாடிக் குவளையில் நீர் எடுத்து, அதில் இரண்டு துளி விடுக. தடுப்பு நீர்மம் கலந்து மறைந்துபோகும். எண்ணெய் மேலே மிதக்கும். எண்ணெய் கலந்துவிட்டது என்று தெரிந்த வண்டியை ஓரடியும் ஓட்டலாகாது. நீர்மத்தை மட்டும் மாற்றினால் போதாது. உள்ளேயுள்ள இரப்பர்ப் பகுதி அத்தனையும் மாற்றியாக வேண்டும். அதற்குச் செலவாகும். செலவைப் பார்ப்போர் பாலத்துச் சரிவையும் சேர்த்துப் பார்க்க.

இனி இவ்வமைப்பு இயங்குமாற்றைச் சற்றே காண்போம். அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்து ஏற்றிய அழுத்தம் குறையாது எல்லாப் பக்கமும் பரவும் என்பதைப் பிரான்சு நாட்டுப் பாசுக்கல் 17-ஆம் நூற்றாண்டில் விளக்கினார். அதனை வண்டிக்குப் பொருத்தியவர் அமெரிக்கரான மால்கம் இலாகீடு. 1917-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நம் கால் மிதிகட்டையை அழுத்துகின்றது. மிதிகட்டை தலைமை உருளையின் உந்துதண்டைத் தள்ளுகின்றது. அங்கெழும் அழுத்தம் இரும்புக் குழாய்வழி ஓடி, ஒவ்வொரு சக்கரத்தருகும் உள்ள சிற்றுருளையின் உந்துதண்டை வெளியே தள்ளுகின்றது. அது பிறைவடிவான இரண்டு தடுப்புக்கட்டைகளை விரிக்கின்றது. அவற்றின்மேல் ஒட்டிய உராய்பட்டை, சக்கரத்தோடு சுழலும் இரும்புச் சட்டியின் உட்சுவரைப் பற்றுகின்றது. பணிமனையார் டிரம் என்பதனையே நாம் சட்டி என்கின்றோம்; கவிழ்த்து வைத்துப் பார்த்தால் வடிவும் அதுவே. காலை எடுத்தவுடன் சுருள்வில் கட்டைகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். இவ்வளவே. பாட்டியின் கைத்தையற் பொறியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த எவர்க்கும் இது விளங்காத மறைபொருள் அன்று.

ஆயின், பழைய வண்டிகட்குப் பெருங்குறை ஒன்றுண்டு. அவற்றில் நான்கு சக்கரங்கட்கும் ஒரே நீர்ம வழி. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் ஒருங்கே கைவிடும். முன்னிரண்டுக்கும் பின்னிரண்டுக்கும் வழியைப் பிரித்து, ஒன்று கெட்டாலும் மற்றொன்று நிற்குமாறு அமைக்கும் முறையை அமெரிக்காவில் 1968 முதல் புது மகிழுந்துகட்குக் கட்டாயமாக்கினர். அதற்கு முந்திய அமைப்பு கொண்ட வண்டிகள் இன்னும் நம் தெருக்களில் ஓடுகின்றன. அம்பாசிடர் உருவாக்கம் 2014 மேத் திங்களில் நின்றது. பத்மினி அதற்கும் முன்னரே நின்றது. சென்னையில் உருவான எரால்டு வண்டியோ காண்பதற்கே அரிதாயிற்று. ஆனால் அவற்றைப் பேணுவோர் உளர், பேணட்டும். ஒற்றை வழித் தடுப்பானை வைத்திருப்போர்க்கு ஒழுக்கு என்பது சிறு குறையன்று என்பதை மட்டும் மறவாதிருக்கட்டும்.

கருவி எடுக்குமுன் காலையே கருவியாகக் கொள்க. மிதித்தால் பஞ்சுபோல் அமுங்கி, மீண்டும் மீண்டும் மிதிக்க இறுகினால், குழாயில் காற்று புகுந்துள்ளது. நீர்மம் அமுங்காது, காற்று அமுங்கும். நன்கு இறுகி நின்று, காலை எடுக்காமல் வைத்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால், எங்கோ ஒழுக்கு, அன்றேல் தலைமை உருளையின் கிண்ணம் தேய்ந்தது. நெடுந்தொலைவு இறங்கிய பின்னரே பற்றி, ஆனால் உறுதியாகப் பற்றினால், கட்டைக்கும் சட்டிக்கும் இடைவெளி மிகுந்தது. அதனைச் சரிசெய்தால் போதும். வண்டி ஒருபக்கம் இழுத்தால் ஒரு சக்கரத்தில் பட்டை நனைந்திருக்கும், அல்லது சிற்றுருளை இறுகிக் கிடக்கும். இந்நான்கையும் பிரித்தறிய மாட்டாமல் 'பிரேக் சரியில்லை' என்று ஒரே சொல்லிற் கூறி வண்டியை விட்டுவருபவர், தேவையற்றதற்குக் காசு கொடுத்துத் தேவையானதைச் செய்விக்காமல் திரும்புவர்.

வண்டியை மேலே தூக்குவதில்தான் வீட்டில் வேலை செய்வோர் உயிரை இழக்கின்றனர். சாக்கி என்னும் ஏந்தி தூக்குதற்கே உரியது, தாங்குதற்கு அன்று. கெட்டியான சமதரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்கட்கு இருபுறமும் கட்டை கொடுத்து, மரைகளை வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்தி, பின்னரே தூக்கி, இரும்புத் தாங்கிகளின்மேல் இறக்கி வைத்தல் வேண்டும். செங்கல்லும் துளைக்கல்லும் வேண்டா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். பின்சக்கரத்தைக் கழற்றுங்கால் கைத்தடுப்பானைத் தளர்த்தியாக வேண்டும். தளர்த்தினால் வண்டி உருளும். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடாமல் இதனைச் செய்தவர் கதைகள் நம்மிடம் உண்டு. எழுத மனம் வரவில்லை.

சட்டி எளிதில் வாராது. உள்ளே பட்டை தேய்ந்து தேய்ந்து சட்டியில் வரம்பு விழுந்திருக்கும். இடைவெளி திருகியைப் பின்னோக்கித் திருப்பிக் கட்டைகளைச் சுருக்கிய பின்னர், மரச்சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டினால் அசையும். சட்டியை எடுத்தவுடன் கரும்பொடி நிறைந்திருக்கும். இங்குதான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கின்றது. வாயால் ஊதுவதும் காற்றுப் பொறியால் அடிப்பதும் நம் பட்டறைகளில் காணும் வழக்கம். பழைய உராய்பட்டைகள் கல்நார் கலந்தவை. கல்நாரின் நுண்ணிழை கண்ணுக்குத் தெரியாது. மூச்சில் புகுந்து நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டு கழித்தும் புற்றாக வெளிப்படும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் அதனை முற்றிலும் தடைசெய்தது. எனவே ஊதற்க; நீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையிற் கட்டி எறிக. மூக்கும் வாயும் மூடிக்கொள்க. பட்டறையில் சிற்றாளாய் நிற்கும் பையனை ஊதச் சொல்லும் முதலாளி, அப்பையனின் ஐம்பதாம் அகவையைத் திருடுகின்றான்!

உள்ளே சுருள்வில் எந்தத் துளையில் எந்தப் பக்கமாக மாட்டியுள்ளது, எந்தக் கட்டை முன்னது எது பின்னது என்பவற்றை எவரும் நினைவில் வைத்திருக்க இயலாது. கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்ளலாம். அதனினும் நல்லது பழங் கம்மியர் சொல்லும் வழி: ஒரு புறத்தைப் பிரிக்கும்போது மறுபுறத்தைத் தொடாதே. இடப்புறம் ஐயம் வந்தால் வலப்புறத்தைப் போய்ப் பார். அதுவே உனக்குச் சுவடி. மறுபுறம் என்றால் இடவலம் மாறியிருப்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும், அவ்வளவே.

சிற்றுருளையின் இரு முனையிலும் மண்காப்பு உறை இருக்கும். அதன் விளிம்பைத் திருப்புளியால் மெல்லத் தூக்கிப் பார்க்க. உள்ளே ஈரம் இருப்பின் கிண்ணம் கெட்டது. கிண்ணத்தை மாற்றுதற்கு முன் உருளையின் உட்சுவரை விரல் நகத்தால் தடவுக. குழியோ கீறலோ தட்டுப்பட்டால் புதுக் கிண்ணம் இட்டும் பயனில்லை. மூன்று திங்களில் மீண்டும் ஒழுகும். உருளையையே மாற்றுக. மோரிசு மைனர் போன்ற வண்டிகளில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உருளைகள்; ஒன்றைப் பார்த்து மற்றொன்றை விட்டுவிடுவோர் பலர். பகுதிகளைக் கன்னெய்யாலும் மண்ணெய்யாலும் கழுவுதல் கூடாது. பெட்ரோலில் கழுவினால் பளிச்சென்று இருக்குமே என்பீர். எஞ்சும் ஒரு துளியே புதுக் கிண்ணத்தைக் கெடுக்கப் போதும். புது நீர்மத்திலேயே கழுவி, நீர்மம் தோய்த்தே பொருத்துக. ஒழுகிய நீர்மத்தில் ஊறிய உராய்பட்டையைத் தீயில் வாட்டியும் அரத்தால் தேய்த்தும் மீண்டும் இடுவது கண்கட்டு வேலை. பட்டை மாற்றினால் இருபுறமும் ஒருங்கே மாற்றுக. ஒருபுறம் புதிதும் ஒருபுறம் பழையதுமாய் இருப்பின் வண்டி ஒருபக்கமே இழுக்கும்.

சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் இடையே வளையும் இரப்பர்க் குழாய் வெளியே பார்க்க நன்றாயிருக்கும். உள்ளே பருத்து வழியை அடைத்திருக்கும். மிதித்தால் அழுத்தம் போகும், விட்டால் திரும்பாது. ஒரு சக்கரம் மட்டும் சூடாகி நிற்கும் வண்டிகளில் கட்டையையும் சுருள்வில்லையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஓய்ந்தோர், இக்குழாயை நினைத்துப் பார்ப்பதில்லை. பத்தாண்டுக்கு மேற்பட்ட குழாயை வினவாமல் மாற்றிவிடுக.

காற்றெடுத்தல் இருவர் வேலை. ஒருவர் மிதிகட்டையில்; மற்றவர் சக்கரத்தருகில். துணைக்கு மகளையோ மகனையோ அமர்த்துக, அவர்களும் கற்றுக்கொள்ளட்டும். தலைமை உருளையினின்று தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். வலப்புறம் அமர்ந்து ஓட்டும் நம் வண்டிகளில் அது பெரும்பாலும் இடப்புறப் பின்சக்கரம். காற்றுத் திறப்பில் தெளிந்த குழாய் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது நீர்மம் விட்ட புட்டியில் அமிழ்த்துக. 'மிதி' என்றால் மிதிக்க வேண்டும். திறப்பைத் தளர்த்தியதும் குமிழியோடு நீர்மம் வரும். மிதிகட்டை தரையைத் தொடுமுன் திறப்பை இறுக்கிய பின்னரே 'விடு' எனல் வேண்டும். இம்முறை மாறினால் வெளிக்காற்றை உள்ளே இழுத்ததாகும். குமிழி நிற்கும்வரை தொடர்க. இடையிடையே நீர்மக் கலத்தைப் பார்க்க. அது வற்றினால் எல்லாம் முதலிலிருந்து. புட்டியில் விழுந்ததை மீண்டும் ஊற்றற்க. வண்டியின் மேற்பூச்சில் ஒரு துளி பட்டாலும் அது பூச்சை அரித்துவிடும். உடனே நீர் ஊற்றிக் கழுவுக. தந்தையார் பூசிய கருநிறம் போய்விட்டதே என்று பின்னர் வருந்த வேண்டா.

மேலும் ஒன்று. இந்நீர்மம் நீரை ஈர்ப்பது என்றோம். மூடி திறந்த ஏனத்தில் எஞ்சியதை ஆண்டுக்கணக்கில் அடுக்களைப் பரணில் வைத்திருந்து ஊற்றுவோர் உளர். 'டாட் 3' என்னும் குறியுடைய புது நீர்மத்தின் கொதிநிலை 205 செல்சியசுக்குக் குறையலாகாது. நூற்றுக்கு நான்கு பங்கும் நிரம்பாத நீர் கலந்த அளவிலேயே அது 140 வரை இறங்கலாம். 'டாட் 4' என்பதற்கு இவ்வளவுகள் 230-உம் 155-உம் ஆகும். இவ்வெண்கள் ஏட்டுக் கணக்கல்ல. ஐவர் அமர்ந்த அம்பாசிடர் ஒன்றை 60 கிலோமீட்டர் விரைவினின்று ஒருமுறை நிறுத்துவதில் எழும் வெப்பம் அரை இலிட்டர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. செம்மேட்டினின்று காரவள்ளிக்கு இறங்கும் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள்! வளைவுதோறும் மிதித்துக்கொண்டே இறங்கினால், ஈரம் ஊறிய பழைய நீர்மம் சிற்றுருளைக்குள் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், மிதிகட்டை தரையைத் தொடும். அடிவாரத்தில் சற்று ஆறவிட்டுக் கம்மியர் பார்க்கும்போது எல்லாம் சரியாயிருக்கும். 'ஓட்டுநர் தூங்கிவிட்டார்' என்று எழுதிவைப்பர். இரண்டாண்டுக்கு ஒருமுறை நீர்மத்தை முழுதும் மாற்றுக. மலையிறங்கும்போது ஏறிய பல்லிணையிலேயே, அல்லது அதனினும் கீழான கியரிலேயே இறங்குக.

வீட்டில் எல்லாம் செய்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. சட்டியின் உட்சுவர் கோணியிருந்தால் கடைசல் பட்டறைக்கே போக வேண்டும்; அங்கும் எவ்வளவு கடையலாம் என்பதற்கு எல்லையுண்டு, மெலிந்த சட்டி சூட்டில் வெடிக்கும். இரும்புக் குழாய் துருவேறியிருந்தால், முனை விரித்துப் பொருத்தும் கருவியும் பயிற்சியும் உடையவரே மாற்ற வேண்டும். தாம் செய்த வேலையில் ஓர் ஐயம் எஞ்சினாலும், பட்டறிவுடைய கம்மியர் ஒருவரை வீட்டுக்கு அழைத்துக் காட்டுவது இழுக்கன்று. தமிழ்நாட்டுக் கம்மியருள் ஏட்டுப்படிப்பின்றியே கைவிரலால் அளந்து சொல்வோர் பலர். அவர்பால் நமக்குள்ள மதிப்பு பெரிது. ஆனால் வழியில் ஒழுகும் சக்கரத்தின் குழாயை மடக்கி நசுக்கி அடைத்து, 'மூன்று சக்கரத்தில் ஊர் போய்ச் சேரலாம்' என்று அனுப்பிவைக்கும் பழக்கத்தை எந்தக் கம்மியர் செய்தாலும் ஏற்க இயலாது. திடீரென மிதிக்கும்போது அவ்வண்டி ஒருபக்கமாய்ச் சுழன்று எதிர்வரும் ஊர்தியின் முன் நிற்கும். ஊர் போய்ச் சேர்வது வண்டியாக இராது.

பதிவு செய்து 15 ஆண்டு கடந்த சொந்த மகிழுந்தை ஐந்தாண்டுக்கொருமுறை அலுவலர் பார்த்துத் தகுதி வழங்குகின்றார். அவர் பார்ப்பது ஒருநாள். எஞ்சிய நாள்களெல்லாம் பார்க்க வேண்டியவர் உரியவரே.

வேலை முடிந்ததும் உடனே தெருவுக்குச் செல்லற்க. பொறியை இயக்காமல் மிதிகட்டையை முழுவலிவோடு அழுத்தி, ஒரு மணித்துளி அவ்வாறே வைத்திருக்க. இறங்கலாகாது. மகளை நான்கு சக்கரங்களின் உட்புறமும் விளக்குப் பிடித்துப் பார்க்கச் சொல்க, ஈரம் தெரியலாகாது. கைத்தடுப்பானை இழுத்து வைத்து, வண்டியைத் தள்ளிப் பார்க்க. அன்பரை அன்று காத்தது அதுவே. பின்னர் ஆளில்லாத சமவெளியில், நடக்கும் விரைவில் ஒருமுறை, மிதிவண்டி விரைவில் ஒருமுறை, அதற்கு மேல் ஒருமுறை என நிறுத்திப் பார்த்து, வீட்டுக்கு வந்து, சக்கரங்களைக் கையால் தொட்டுச் சூட்டை ஒப்பிடுக. நான்கும் ஏறத்தாழ ஒன்றாயிருப்பின், கருவிகளைத் துடைத்து வைக்கலாம். எஞ்சிய நீர்ம ஏனத்தின்மேல் ஒரு தாளை ஒட்டித் 'தடுப்பு நீர்மம்' என்று எழுதி, திறந்த நாளையும் குறித்து, பொறியெண்ணெய் வைத்திருக்கும் பரணில் அன்றி வேறோரிடத்தில் வைக்க.